ஜனவரி முதலாம் திகதி பிறந்தவர்கள்

நிஃப்லா காப்புறுதிக் கம்பனிக் கந்தோருக்குள் வந்து கைப்பையை மேசையில் வைக்கவில்லை, போன் அடிக்கத் தொடங்கிவிட்டது.

"மிஸ், நான் உம்மு குல்தூம். மாதர் சங்கத்தால இன்சூரன்ஸ் போட்டிருக்கிற சித்தி மரியம்ட மகள். உம்மாவ சிலாபத்துக்குக் கொண்டு வந்திருக்கன் மிஸ். இண்டைக்கு ஒபரேஷன். இங்க கவுண்டர்ல இன்சூரன்ஸ எடுக்க மாட்டமாம்."

"ஏனாம்?"

மறுமுனையில் உம்மு குல்தூம் குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"உம்மா மவுத்தாகிட்டாவாம் மிஸ். கம்ப்யூட்டர்ல அப்படித்தான் காட்டுதாம். உம்மா எனக்குப் பக்கத்துல கதிரையில இருக்கா."

பித்தப்பையில் கல். கண் மஞ்சளாகி, காய்ச்சலும் தொடங்கியிருந்தது. கொழும்பிலிருந்து வரும் சத்திரசிகிச்சை நிபுணர் செவ்வாய்க்கிழமைகளில் மட்டும்தான் அந்தத் தனியார் ஆஸ்பத்திரிக்கு வருவார், பின்னேரம் திரும்பிவிடுவார். அடுத்த செவ்வாய் வரை வைத்திருக்கக் கூடாது என்று அவரே சொல்லியிருந்தார். உம்மு குல்தூம் இதையெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கும்போதே நிஃப்லா கணினியைத் திறந்துவிட்டாள்.

கம்பனியில் புது முறை வந்து ஆறேழு மாதம் ஆகியிருந்தது. எல்லாக் கிளைகளும், கொழும்பின் விசாரணைப் பிரிவும், தரவுப் பிரிவும் திரையில் ஒரே பலகையில் வேலை செய்தார்கள். யார் எந்தக் கோரிக்கையை எடுத்தார், எவ்வளவு நேரம் வைத்திருந்தார் என்பது எல்லோர் கண்ணுக்கும் தெரியும். பச்சை விழுந்தால் கோரிக்கை தானாகவே நிறைவேறிவிடும். மஞ்சளை ஒருவர் பார்க்க வேண்டும். சிவப்பு விழுந்தால் கிளைக்காரரால் தொடவே முடியாது.

சித்தி மரியத்தின் பெயருக்கு நேரே சிவப்பு நின்றது. காரணம்: காப்புறுதி பெற்றவர் இறந்த பின் மருத்துவக் கோரிக்கை, மோசடி என்று சந்தேகம். அதற்குக் கீழே சிறிய எழுத்தில் இன்னொரு வரி. இரண்டு பதிவுகள் ஒன்றாக்கப்பட்டுள்ளன. ஒன்றாக்கியவர்: நிஃப்லா, புத்தளம் கிளை.

அவள் அதை இரண்டு தரம் வாசித்தாள். "மிஸ், இருக்கிறீங்களா?" என்று போனில் கேட்டது.

"ஓம் ராத்தா, இருக்கன். நீங்க அங்கேயே இருங்க. எங்கயும் போயிராதீங்க. நான் பாக்குறன்."

என்ன நடந்தது என்று யாரும் அவளுக்குச் சொல்லித் தரத் தேவையில்லை. பழைய பதிவுகளைப் புது முறைக்கு ஏற்றுவதற்கு முன் ஒரே ஆளுடைய பெயர் இரண்டு தரம் வந்திருந்தால் ஒன்றாக்கும்படி கிளைகளுக்குச் சொல்லியிருந்தார்கள். பெயர், முகவரி, பிறந்த திகதி, அடையாள அட்டை இலக்கம் எல்லாவற்றையும் ஒப்பிட்டு, இயந்திரமே சோடி சோடியாகப் பொறுக்கிக் கொடுக்கும். 'இருவரும் ஒருவரா?' என்று கேட்கும். ஓம் என்றோ இல்லை என்றோ அழுத்த வேண்டியதுதான். முதல் நாள் நிஃப்லா ஒவ்வொருவருக்கும் போன் எடுத்துக் கேட்டுக் கேட்டுத்தான் அழுத்தினாள். இரண்டாம் நாள் முகாமையாளர் அத்தாஉல்லா வந்து மேசைக்குப் பக்கத்தில் நின்றார். சிலாபம் கிளை முடித்துவிட்டதாம். பிந்துகிற கிளையைச் சிலாபத்தோடு சேர்த்துவிடுவார்கள் என்று ஒரு கதையும் அடிபட்டது. அதற்குப் பிறகு அவள் போன் எடுக்கவில்லை. இயந்திரம் உறுதியாகச் சொன்னவற்றுக்கெல்லாம் ஓம், ஓம் என்று அழுத்திக்கொண்டே போனாள். முடித்ததும் கொழும்பிலிருந்து கைதட்டும் படங்கள் பலகையில் வரிசையாக விழுந்தன.

கற்பிட்டி வீதியிலுள்ள உம்மு குல்தூமின் குடியேற்றக் கிராமத்தில் சித்தி மரியம் என்ற பெயரில் இரண்டு பேர். ஒருவர் போன வருடம் மவுத்தாகி, மரணக் காப்புறுதியை அவருடைய மகள் மைமூனா எடுத்திருந்தாள். மற்றவர் இப்போது சிலாபத்தில் கதிரையில் இருக்கிறார்.

அத்தாஉல்லா வந்ததும் நிஃப்லா எழுந்து நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். அவர் ஐம்பதைக் கடந்தவர். அந்தக் கிளையைத் திறந்த நாளிலிருந்து அங்கேயே இருப்பவர். கேட்டு முடித்ததும் வாசல் கதவை மெதுவாகச் சாத்தினார்.

"பலகையில போட்டீங்களா?"

"இன்னும் இல்ல சேர். பிரிக்கிற அனுமதி கொழும்புக்குத்தான் இருக்கு. போட்டாத்தான் பிரிப்பாங்க."

"பொறுங்க. அவசரப்படாதீங்க. போட்டா எல்லாக் கிளையும் பாக்கும். ஒண்டு பிழை எண்டா எல்லாத்தையும் கிளறுவானுகள்." அவர் நெற்றியைத் தடவினார். "சங்கத்துல புது ஆள் சேர்ந்த மாதிரி வேற இலக்கத்துல ஒரு பதிவு போடுங்க. திகதிய முந்திப் போடலாம். கிளைக்கு அந்த அனுமதி இருக்கு. அந்த மனிசிக்கு ஒபரேஷன் நடந்தா சரிதானே. மத்தத ஆறுதலாப் பாப்பம்."

நடக்கக்கூடிய காரியம்தான். இரண்டு நிமிடம் போதும். நிஃப்லா கதிரையில் உட்கார்ந்து புதுப் பதிவுப் பக்கத்தைத் திறந்தும் விட்டாள். சித்தி என்று தட்டச்சு செய்யும்போது போன் மறுபடி அடித்தது. உம்மு குல்தூமாக இருக்கும் என்று எடுத்தாள்.

அழுகைச் சத்தம்தான் முதலில் கேட்டது.

"நிஃப்லா மிஸ்ஸா? நான் மைமூனா. கொழும்பிலருந்து ஒராள் கோல் எடுத்துக் கேட்டார், எங்கட உம்மா மெய்யாவே மவுத்தாகினவவா எண்டு. அவ சிலாபம் ஆஸ்பத்திரியில இருக்காவாம். என்னையும் விசாரிக்க வேணுமாம். என்ன மிஸ் இது? என்ன கதை இது?"

நிஃப்லா, ஆஸ்பத்திரியில் இருப்பது வேறு ஆள் என்று மட்டும் எப்படியோ சொன்னாள். போன் கட்டாகிவிட்டது. கட்டானதா, மைமூனாவே வைத்தாளா தெரியவில்லை.

அவள் திறந்திருந்த பக்கத்தை மூடினாள். பொதுப் பலகைக்குப் போய் எழுதினாள். இறந்தவரும் நோயாளியும் இரு வேறு பெண்கள். பதிவுகளை ஒன்றாக்கியது நான். விசாரித்துப் பார்க்காமல் செய்தேன். நோயாளிக்கு இன்று சத்திரசிகிச்சை. உடனே பிரித்துத் தரவும். இதே போல இன்னும் பல இருக்கலாம்.

அனுப்பும் பொத்தானை அழுத்தினாள். அத்தாஉல்லா பின்னால் நின்று வாசித்தார்.

பலகையில் வாசித்தவர்களின் பெயர்கள் ஒவ்வொன்றாக ஏறின. யாழ்ப்பாணம், கண்டி, காலி, சிலாபம். யாரோ எழுதத் தொடங்குவதும் நிறுத்துவதும் தெரிந்தது. பிறகு இயந்திரம்தான் முதலில் பேசியது: அந்தக் கிராமத்து முகவரியிலிருந்து வந்த எல்லாக் கோரிக்கைகளும் மறு அறிவித்தல் வரை நிறுத்தப்படுகின்றன. பச்சையாக இருந்த பெயர்கள் அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சிவப்பாகின. பேறுகால உதவிக்குக் காத்திருந்த ஒரு பெண், கால் முறிந்த ஒரு மீன்காரர். நல்லது செய்யப் போய் ஊரையே அடைத்துவிட்டேனோ என்று நிஃப்லா நினைத்தாள்.

அப்போதுதான் தரவுப் பிரிவிலிருந்து ஃபஸ்லான் என்பவன் பேச்சு அழைப்பில் வந்தான். பெயரைப் பலகையில் பார்த்திருக்கிறாள். குரலைக் கேட்பது இதுதான் முதல் தடவை.

"மிஸ், இந்த ஒப்பிடுற முறைய எழுதினது நான்தான். ஒண்டு விளங்கேல்ல. அந்த முகவரியில அரைவாசிப் பேர் ஜனவரி முதலாம் திகதி பிறந்திருக்கிறாங்க. எப்படி? யாரும் பிழையாப் பதிஞ்சதா?"

"பிழையில்ல. தொண்ணூறுல யுத்தத்துல துரத்தப்பட்டு மன்னாரிலருந்து வெளிக்கிட்ட முஸ்லிம் சனம் அது. உடுத்த உடுப்போட வந்தாங்க. பிறப்புச் சாட்சிப் பத்திரமெல்லாம் வீட்டோட போயிட்டு. பிறகு இங்க அடையாள அட்டை எடுக்கக்குள்ள வருசம் சொன்னாங்க, திகதி தெரியாது. ஜனவரி ஒண்டு எண்டு எழுதிக் குடுத்தாங்க. வருசமும் திகதியும் ஒண்டெண்டா அட்டையில முன் இலக்கங்களும் ஒண்டாத்தான் வரும். வீட்டுக்கு இலக்கமும் இல்ல, எல்லாருக்கும் ஒரே முகவரி."

"அப்ப கடைசி இலக்கங்கள் மட்டும்தான் வேற. இயந்திரம் அத தட்டச்சுப் பிழையெண்டு எடுத்திருக்கு." அவன் பெருமூச்சு விட்டது கேட்டது. "எனக்கு இது தெரியாது மிஸ்."

"எனக்குத் தெரியும்," என்றாள் நிஃப்லா. "எங்கட வாப்பாவும் ஜனவரி ஒண்டுதான்."

சொன்ன பிறகுதான் அது அவளுக்கே சுட்டது. வீட்டில் ஒவ்வொரு வருடமும் வாப்பாவைக் கேலி செய்வார்கள், ஊரே சேர்ந்து பிறந்தநாள் கொண்டாடுது என்று. ஓம், ஓம் என்று அழுத்திக்கொண்டு போன அந்தப் பின்னேரம் அது அவள் நினைவில் ஒரு தடவைகூட வரவில்லை.

விசாரணைப் பிரிவுத் தலைவி ஒரே வரியில் பதில் போட்டார். கிளை அதிகாரி நோயாளியை நேரில் அடையாளம் கண்டு, காணொளியில் காட்ட வேண்டும். அதற்குப் பிறகுதான் பிரிக்க அனுமதி.

நிஃப்லா பஸ்ஸுக்கு ஓடக் கைப்பையைத் தூக்கினாள். அத்தாஉல்லா கார்ச் சாவியை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தார்.

"பஸ்ஸுல போனா டொக்டர் கொழும்பு போய்ச் சேர்ந்திருவார். ஏறுங்க."

பாலாவி கடந்து, மதுரங்குளி கடந்து, முந்தல் வந்தது. அவர் அடிக்கடி மணிக்கூட்டைப் பார்த்தார். அவள் தன் பிழைதான் என்று உம்மு குல்தூமுக்கு எழுதியனுப்பிவிட்டு, அடிக்கடி போனைப் பார்த்தாள். உம்மு குல்தூமிடமிருந்து குறுஞ்செய்தி: ஒபரேஷன் தியேட்டருக்கு வேறொரு ஆளை எடுத்துவிட்டார்கள், அடுத்தது உம்மா, இல்லாவிட்டால் பட்டியலில் இருந்து வெட்டுவார்கள். பத்துளு ஓயாவில் தேங்காய் லொறி ஒன்று வீதியை அடைத்துக்கொண்டு திரும்பியது. அத்தாஉல்லா ஹோர்ன் அடித்தார். வழமையில் அவர் ஹோர்ன் அடிக்கிற மனிதரல்ல.

"நான் சொன்னத மனசுல வெச்சிக்காதீங்க," என்றார் பிறகு. "பயத்துல சொன்னது."

"எனக்கும் பயம்தான் சேர். அந்தப் பதிவுப் பக்கத்த நானும் திறந்திட்டன்தானே."

ஆஸ்பத்திரிக் கூடத்தில் சித்தி மரியம் சுவரில் தலை சாய்த்து உட்கார்ந்திருந்தார். கண்ணும் முகமும் மஞ்சள். முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு நிஃப்லாவை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீதானா மகள் என்னைய மவுத்தாக்கினது?"

"ஓம் மாமி."

கிழவி வேறு ஏதோ சொல்ல வந்தார். வலி வந்து வாயை அடைத்துவிட்டது. நிஃப்லா பக்கத்தில் முழங்காலிட்டுப் போனை அவர் முகத்துக்கு நேரே பிடித்தாள். திரையில் விசாரணைப் பிரிவுத் தலைவியும் ஃபஸ்லானும், இன்னும் அவளுக்குத் தெரியாத இரண்டு மூன்று முகங்களும். அடையாள அட்டையைக் காட்டச் சொன்னார்கள். காட்டினாள். தலைவி சிங்களத்தில் கேட்டதை ஃபஸ்லான் தமிழில் சொன்னான்: இறந்த சித்தி மரியத்தை உங்களுக்குத் தெரியுமா?

"தெரியுமாவா? ஒரே வள்ளத்துலதான் கற்பிட்டிக்கு வந்தம். அவக்கு மடியில ஒரு புள்ள, எனக்கு வயித்துல ஒரு புள்ள. ஊரில கூப்பிட்டா ரெண்டு பேரும் திரும்பிப் பாப்பம்." மூச்சு வாங்கிக்கொண்டு தொடர்ந்தார். "அவ மவுத்தாகின அண்டைக்கு மையத்தக் குளிப்பாட்டினதுல நானும் ஒராள். இந்தக் கையாலதான் தண்ணி ஊத்தினன். நான் எப்படி அவவாகுறது?"

ஃபஸ்லான் அதை மொழிபெயர்த்து முடித்ததும் தலைவி மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். பிரிக்கச் சொல்லி ஒரு சொல் சொன்னார்.

பிரித்த பிறகும் சிவப்பு மாறவில்லை. முறை முழுவதும் மறுபடி கணக்குப் பார்க்க வேண்டும் என்றான் ஃபஸ்லான். தாதி ஒருத்தி வந்து, என்ன முடிவு, அடுத்த ஆளை எடுக்கவா என்று சிங்களத்தில் கேட்டாள். அத்தாஉல்லா எழுந்துபோய் அவளோடு கதைத்தார். கெஞ்சினார் என்றுதான் சொல்ல வேண்டும். உம்மு குல்தூம் வாய்க்குள் ஓதிக்கொண்டிருந்தாள். நிஃப்லா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. சிவப்பு மஞ்சளாகியது. மஞ்சளில் நின்றது, நின்றுகொண்டே இருந்தது. கடைசியில் தலைவியே தன் பெயரில் அனுமதியைப் போட்டார். கவுண்டரில் இருந்தவள் தலையசைத்தாள்.

சித்தி மரியத்தைத் தள்ளுகட்டிலில் கொண்டுபோனபோது அவர் நிஃப்லாவைப் பார்க்கவில்லை. கண்ணை மூடியிருந்தார்.

ஒபரேஷன் நல்லபடி முடிந்தது. பித்தப்பை வெடிக்கிற நிலையில் இருந்ததாம். அந்த வாரமே ஃபஸ்லானின் பிரிவு ஒப்பிடுகிற முறையை மாற்றியது. ஜனவரி முதலாம் திகதியை இனி ஒரே ஆள் என்பதற்கு அடையாளமாக எடுப்பதில்லை. கிராமத்தின் மற்றக் கோரிக்கைகளும் ஒன்றொன்றாகச் சிவப்பிலிருந்து வெளியே வந்தன. நிஃப்லாவுக்கு எச்சரிக்கை வந்தது; பதிவுகளை ஒன்றாக்கும் அனுமதியைப் பறித்தார்கள். புத்தளம் கிளை பலகையில் கடைசிக்கு இறங்கியது. கிளை இருக்குமா, சிலாபத்தோடு போகுமா என்று இன்னும் யாருக்கும் தெரியாது.

மைமூனாவின் வீட்டுக்கு அவள் உடனே போகவில்லை. பயமாக இருந்தது. வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்த பிறகுதான் முச்சக்கரவண்டி பிடித்துப் போனாள்.

மைமூனா கதவைத் திறந்து, உள்ளே வரச் சொன்னாள். பிளேன்டீ ஊற்றிக் கொடுத்தாள். நிஃப்லா நடந்ததையெல்லாம் ஆரம்பத்திலிருந்து சொல்லி, மன்னிப்புக் கேட்டாள். மைமூனா கோபப்படுவாள் என்று எதிர்பார்த்திருந்தாள். ஆனால் அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"காசத் திருப்பிக் கேப்பாங்களோ எண்டு எனக்குப் பயமில்ல மிஸ்," என்றாள் மைமூனா. "கொழும்பிலருந்து கோல் எடுத்த அந்த மனுசன் உங்கட உம்மா ஆஸ்பத்திரியில இருக்காண்டு சொன்னாரே. ஒரு நிமிசம் நான் நம்பிட்டன். நானே கபன் புடவை சுத்தி அனுப்பின உம்மா. தெரியும். தெரிஞ்சும் நம்பிட்டன். செருப்பப் போட்டுக்கிட்டு ரோட்டுக்கு வந்து பஸ்ஸுக்கு நிண்டன். அங்க நிண்டுதான் உங்களுக்குக் கோல் எடுத்தன். வேற ஆளெண்டு நீங்க சொன்ன பிறகும் ஒரு பஸ் வந்திச்சு. ஏறவா வேணாமா எண்டு நிண்டுக்கிட்டே இருந்தன்."

நிஃப்லாவின் பிளேன்டீ ஆறிக்கொண்டிருந்தது. மைமூனா எழுந்து, கோப்பையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். சூடான இன்னொரு கோப்பையோடு திரும்பி வந்தாள்.

"குடிங்க," என்றாள். "அந்த மாமிக்கு இப்ப எப்படி? சாப்பிடுறாவா?"