சர்வீஸுக்குப் போன கம்ப்யூட்டர்

ஆறாயிரத்து எண்ணூற்று ஐம்பது ரூபாய். கிடங்கில் மூட்டை சுமக்கும் அவர், கம்ப்யூட்டர் கடைக்காரருக்குத் தர வேண்டிய கடன் அது. வாடகைப் பணத்தைச் சீட்டாட்டத்தில் விட்டுவிட்டு, வீட்டுக் கம்ப்யூட்டரை அந்தக் கடையில் அடகு வைத்து வாங்கியது. மனைவியிடம் சொன்னதோ, “சர்வீஸுக்குக் குடுத்திருக்கேன்.”

அவள் ஒரு கம்பெனிக்கு வீட்டிலிருந்தே பில் அடித்துக் கொடுப்பவள். கம்ப்யூட்டர் இல்லாத வீட்டுக்கு நெட் எதற்கு என்று அதையும் நிறுத்திவிட்டாள். இரண்டு பஸ் மாறி அக்கா வீட்டுக்குப் போய், அத்தான் முகம் சுளிப்பதைப் பார்க்காததுபோல் உட்கார்ந்து வேலை செய்தாள்.

“ஆஸ்பத்திரியில படுத்தவனே எழுந்து நடந்துடுவான். நம்ம கம்ப்யூட்டருக்கு அப்படி என்னங்க நோவு?”

“பார்ட்ஸ் வரலையாம்.”

நாலாம் மாதம் ஒரு சாயங்காலம், பொறுமை போய், அவளே கடைக்குக் கிளம்பிவிட்டாள். அவர் பின்னாலேயே ஓடினார்.

“ஏன் தம்பி, வேலை தெரியலன்னா கடையைச் சாத்திட்டுப் போக வேண்டியதுதானே? அடுத்தவங்க பொழப்புல எதுக்கு மண்ணப் போடறே?”

கடைக்காரர் அவரை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, “தப்புதான்க்கா. லேட்டாயிடுச்சு” என்றார். ரிப்பேருக்குக் கொடுக்க வந்த ஒருவன் தன் போனைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு நழுவினான்.

கிடங்கில் மூட்டை கிழிந்தால், மேஸ்திரி வாய் திறக்குமுன் அதைக் கீழே போட்டவனே கையைத் தூக்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் பக்கத்திலிருப்பவன் கூலியில் பிடித்துவிடுவார்கள். இத்தனை வருஷத்தில் அவர் ஒருமுறைகூடத் தவறியதில்லை. இப்போது, பழக்க தோஷத்தில், கை தானாக மேலே போனது.

“என்னோடது. அவரு மேல தப்பில்ல. வாடகையச் சீட்டுல விட்டுட்டு நான்தான் அடகு வெச்சேன்.”

அவள் கத்தியிருந்தால் தேவலை. கடைக்காரரிடம், “மன்னிச்சுக்க தம்பி” என்று மட்டும் சொல்லி, கைப்பையிலிருந்து மூவாயிரத்தை எண்ணி வைத்தாள். “மிச்சம் மெதுவா வரட்டும்க்கா” என்று கடைக்காரர் கம்ப்யூட்டரை எடுத்து வைத்தார். பெட்டியைத் தோளில் ஏற்றியவர் மானிட்டருக்கும் கை நீட்டினார். “வேணாம். போட்டுடப் போறீங்க” என்று அதை அவளே தூக்கிக்கொண்டாள்.

திங்கட்கிழமை நெட் வந்தது. அவள் வேலையில் இறங்கினாள். பின்னால் நின்ற அவர், முதியோர் வகுப்பில் கற்ற எழுத்துகளைக் கூட்டிக் கூட்டித் திரையிலிருந்த கம்பெனி மெயில்களைப் படித்தார். தாமதம் ஏன் என்று கம்பெனி மாதாமாதம் கேட்டிருந்தது. மாதாமாதம் அவளும் பதில் எழுதியிருந்தாள்: கம்ப்யூட்டர் சர்வீஸில் இருக்கிறது.

அவருடைய பொய்யை அவள் தன் பேரில் எழுதிக் கொடுத்திருக்கிறாள். கூசிப்போய் வாசலுக்கு வந்துவிட்டார்.

மிச்சக் கடனை வாரக் கூலியில் கொஞ்சம் கொஞ்சமாக அடைத்தார். கடைசித் தவணை கொடுக்கப் போன அன்று கடையில் நாலு பேர் நின்றிருந்தார்கள்.

“இவரு வேலை சுத்தமா இருக்கும்” என்றார் அவர்களைப் பார்த்து. “அன்னைக்கு என் வீட்டுக்காரி போட்ட சத்தம் எனக்கு விழ வேண்டியது.”

“அட, விடுங்கண்ணே” என்று பணத்தை எண்ணாமலே கல்லாவில் போட்டார் கடைக்காரர். “தீர்ந்துது. போங்க.”