புதன்கிழமை முடக்கிய சாவி

புதன்கிழமை பதினொரு மணிக்கு, எத்தாளைக் கடலில் நின்ற எங்கள் பதினான்கு படகுகளின் போன்களுக்கும் 'டெஸ்ட்' என்றொரு செய்தி போனது. அதை அனுப்பியது நான் இல்லை. அனுப்பக்கூடியவள் நான் ஒருத்திதான்.

மீனவர் சங்கத்துக்குக் காற்று எச்சரிக்கைச் செயலியைச் செய்து கொடுத்தவள் நான். கிளவுட்டில் செய்தி போடுவதற்கு நாற்பது எழுத்தில் ஒரு இரகசியச் சாவி. படகுப் போன்கள் செய்தியை எடுப்பதற்கும் அதே சாவி. இரண்டுக்கும் ஒன்றையே வைத்தது என் சோம்பேறித்தனம். சாவியை மாற்றுவது ஞாயிறுகளில்தான், அன்று இங்கே யாரும் கடலுக்குப் போவதில்லை. பூசை முடிந்ததும் கோயில் வாசலில் எல்லோருடைய போனையும் வாங்கிப் புதுச் சாவி போட்டுவிடுவேன். இந்தத் திங்கட்கிழமை ஒரு பிழை பிடிபடாமல், நிரலை அப்படியே இணையக் குழுவொன்றில் போட்டு உதவி கேட்டேன். பன்னிரண்டாவது வரியில் சாவி இருந்தது, அதை யாரோ ஒருவன் எடுத்திருக்கிறான். கம்ப்யூட்டர் படித்த மருமகள் என்று மாமி ஊரெல்லாம் பெருமையடித்தது இதற்குத்தான்!

சாவியை முடக்கினால் அந்த ஆளை வெளியே தள்ளலாம். ஆனால் படகுகளுக்கும் ஒன்றும் போகாது. கரைக்கு வரட்டும், பிறகு மாற்றலாம் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

கச்சான் காற்று பலமாக எழும்பும் என்று பன்னிரண்டரைக்கு வானிலை அறிவிப்பு வந்தது. 'உடனே கரைக்கு வாங்க' என்று அனுப்பினேன். பதின்மூன்று படகுகளுக்கு நேரே படித்த குறி விழுந்தது. என் புருஷன் யூட்டின் படகுக்கு விழவில்லை. ஆகத் தூரத்தில் நிற்பவன் அவன். அங்கே அழைப்புப் போகாது, செய்தி மட்டும் விட்டு விட்டுப் போகும்.

அதற்குள் இன்னொரு செய்தி போனது. 'காத்து இல்ல. நிண்டு புடிங்க.' நேற்று நான் எழுதியதையே எடுத்துத் திருப்பி அனுப்பியிருந்தான், என் பெயரில்.

மாமி வாசலில் நின்றார். "கடல் கறுக்குது பிள்ள. யூட்டுக்குச் சொல்லிட்டியா?"

எல்லாவற்றையும் சொன்னேன். "நிப்பாட்டினா நான் சொல்றதும் போகாது மாமி. என்ன செய்ய?"

"உன்ட பேர்ல வந்தா அவன் எதையும் நம்புவான். ஒண்டும் வராட்டி வானத்தப் பாப்பான். நிப்பாட்டு."

முடக்கினேன். திரையில் படகுகளின் பச்சைப் புள்ளிகள் ஒவ்வொன்றாக அணைந்தன. யூட்டின் புள்ளி அணைவதற்குச் சற்று முன் படித்த குறி விழுந்தது. எந்தச் செய்தியைப் படித்தான் என்று குறித்து வைக்க நான் அந்தச் செயலியைப் பழக்கவில்லை.

ஒன்றரைக்கு மணல் முகத்தில் அடித்தது. மாமி கையால் கண்ணை மறைத்துக்கொண்டு, கரையேறிய படகுகளை எண்ணினார். பதின்மூன்றில் நிறுத்தி, மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினார்.