இரட்டைச் சட்டை

மார்ச் பன்னிரண்டாம் தேதி காலை, புளோரிடாவில் டக்கர்ஸ் பாயிண்ட் ஊரில், வெர்லீன் ஹட்டோ வீட்டில் இருந்த பதினெட்டுச் சோளப்பாம்புகளில் பதினேழு, ஆளுக்கு இரண்டு சட்டை உரித்தன. மேல்சட்டையில் வழக்கமான செந்திட்டுகள். அதற்குள்ளிருந்து கழன்ற அடிச்சட்டையில் கறுப்பும் வெள்ளையுமாகப் பட்டைகள். அந்தப் பட்டை ராஜபாம்புக்கு உரியது; மற்றப் பாம்புகளைத் தின்று வாழ்வது அது.

பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்ற வெர்லீனுக்கு விஷயம் உடனே புரிந்தது. அவளுடையவை ஊருக்கு எதிரே இருந்த ஒரு தீவின் பாம்புகள். தீவைப் புயல் கொண்டுபோன பிறகு அந்த வம்சம் அவள் வீட்டில் மட்டுமே மிஞ்சியிருந்தது. ஆறு வருடத்துக்கு முன், பாம்பு வளர்த்து விற்கும் ராய்ஸ் டில்லிஸ், தன்னிடமும் அதே தீவின் ஆண் ஒன்று இருப்பதாகச் சொல்லி, ஒரு பெண்பாம்பை இரவல் வாங்கினான். அவனிடம் இருந்தது ராஜபாம்பு. அது பெண்ணைத் தின்றுவிடாதிருக்க, பெண் ராஜபாம்பு ஒன்றின் வாசனையை அவள் பாம்பின் மேல் தேய்த்துக் கூண்டுக்குள் விட்டிருக்கிறான். பாதிக் குட்டிகளை அவளுக்குக் கொடுத்துவிட்டு, மீதியை வளர்த்து விற்றான். புது ரத்தம் என்று நம்பி, அவற்றைத் தன் பெண்பாம்புகள் எல்லாவற்றோடும் சேர்த்தவள் வெர்லீனேதான். பழையவற்றில் ஒன்றைத் தவிர மற்றவை வயதாகிச் செத்துவிட்டன.

ஊர்வனச் சந்தையில் அவன் மேசைமேல் முப்பத்து நான்கு சட்டைகளையும் கொட்டினாள்.

"இப்ப என்ன குடி முழுகிப்போச்சு, வெர்லீன்? நல்லா திங்குது, பாக்க லட்சணமா இருக்கு. சனங்க ஆசையா வாங்குறாங்க."

"கலப்புன்னு சொல்லி வித்திருந்தா நான் ஏன்டா வர்றேன்? தீவுப் பாம்புன்னு என் பேரைச் சொல்லில்ல வித்திருக்கே! இனி அந்தத் தீவுப் பாம்புக்கு நான் எங்கடா போவேன்?"

பின்னால் நின்ற ஒருத்தர், "கொஞ்சம் நகருங்கம்மா, நான் பாம்பு பாக்கணும்" என்றார்.

வீட்டுக்கு வந்து மண்வெட்டியை எடுத்தாள். முதல் பெட்டியைத் திறந்ததும் பாம்பு அவள் மணிக்கட்டில் ஏறிச் சுற்றிக்கொண்டது. அது என்ன பாவம் செய்தது? ஆணையும் பெண்ணையும் தனித்தனியே பிரித்து, ஒவ்வொரு பெட்டியிலும் 'கலப்பு' என்று எழுதி ஒட்டினாள். கோபம் மட்டும் தணியவில்லை. எல்லாச் சந்தைக்கும் போய் ராய்ஸின் மேசை முன்னால் நின்று கத்தினாள். சனங்கள் அவளைச் சுற்றிக்கொண்டு போய் வாங்கினார்கள். இரண்டே வருடத்தில் 'இரட்டைச் சட்டை' விலைப்பட்டியலில் ஓர் இனமாக ஏறிவிட்டது. சட்டையை எண்ணிப் பார்ப்பதைக்கூட விட்டுவிட்டார்கள்.

பதினெட்டாவது, ஒரு கிழட்டு ஆண், இன்னும் ஒற்றைச் சட்டைதான் உரிக்கிறது. அதற்கு இந்த உலகத்தில் பெண் இல்லை. போன மாதம் ராய்ஸ் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு அவள் வாசலில் வந்து நின்றான்.

"அந்தக் கிழவனை ஒரே ஒரு வாரம் குடேன், வெர்லீன். ஒத்தைச் சட்டைப் பாம்பா? அதிசயமா இருக்கேன்னு ஆளுங்க கேக்குறாங்க."

அவள் கதவை அவன் முகத்தில் அறைந்து சாத்தினாள்.