வஹீப் பாடாத வெள்ளிக்கிழமை

1

2018 ஏப்ரல் 6, பெரிய வெள்ளி. எகிப்தின் மின்யாவில் எங்கள் கோப்துக் கிறிஸ்தவக் கோவிலின் தலைமைப் பாடகர் வஹீப் அன்று இயேசுவின் அடக்கப் பாட்டைப் பாடவில்லை.

கூட்டத்தில் நின்ற நான் கண்டது இவ்வளவே. மீதியை எழுதிப் பார்க்கிறேன். 'வஹீபின் குரல் நைல் நதியைப் போல—' வேண்டாம். நல்ல குரல். ஊருக்கே தெரியும். அவருக்கும் தெரியும், கதையே அதுதான்.

2

பாதிரியாரிடம் வஹீபின் பாவசங்கீர்த்தனம்:

"அபூனா, நான் கண்ணை மூடிப் பாடுறேன்னு எல்லாரும் நினைக்கிறாங்க. ஒரு கண்ணைத் திறந்து பொம்பளைங்க பக்கம் பார்ப்பேன். யார் அழுறாங்கன்னு."

"யாருமே அழலைன்னா?"

"இன்னும் கொஞ்சம் இழுப்பேன்."

[முதல் வரைவில் பாதிரியார் இங்கே சிரித்தார். வஹீப் விளையாட்டாகச் சொல்லவில்லை என்பதால் சிரிப்பை எடுத்துவிட்டேன்.]

"இந்த வெள்ளி உன் துணைப் பாடகன் அட்வார் பாடட்டும். நீ பக்கத்துல நின்னு, யாருக்கு அடக்கம்னு மட்டும் யோசி."

வீட்டில் மனைவி இன்ஸாஃப் விழுந்து விழுந்து சிரித்தாள். "அட்வாரா? மாடிப்படி ஏறினாலே அவனுக்கு மூச்சு வாங்கும்! சரி, வாயை மூடிப் பழகணும்னா வீட்டுலயே ஆரம்பிங்களேன்."

வஹீபுக்குச் சிரிப்பு வரவில்லை. இந்த முறையும் அந்த ஒரு கண் திறந்துகொண்டால், இனிக் கோவிலில் வாய் திறக்கவே கூசும் என்று பயந்தார்.

3

கோவில் முழுக்கக் கறுப்புத் துணி, நோன்பால் காலி வயிறுகள். அட்வார் தொடங்கினார். எங்கள் பாட்டில் ஒரே எழுத்தை இழுத்துக்கொண்டே போவோம். அதற்குள் தேநீர் கொதித்து இறங்கிவிடும். பாதி வழியில் அட்வாருக்கு மூச்சு அறுந்தது. ராகத்தின் அடுத்த வளைவு நினைவுக்கு வரவில்லை. கோவில் காத்திருந்தது.

அந்த வளைவு வஹீபின் தொண்டையில் தயாராக நின்றது. ஆனால் முதலில் வந்தது சந்தோஷம்: நான் இல்லாமல் முடியுமா? அதுதான் அவரைக் கலக்கியது. பாடினால் உதவியா, பழைய நோயா? பேசாமல் நின்றால் பணிவா, இவன் விழுவதை ரசிப்பதா?

[இங்கே ஒரு நீண்ட வாக்கியம் இருந்தது. படிப்பவர் கண் கலங்கட்டும் என்று இழுத்திருந்தேன். அடித்துவிட்டேன்.]

முடிவு அ: வஹீப் பாடுகிறார், பெண்கள் பக்கம் அழுகை.
முடிவு ஆ: பாடவில்லை, அட்வார் தலைகுனிகிறார்.

இரண்டையும் எழுதிப் பார்த்தேன். இரண்டிலும் வஹீபின் ஒரு கண் திறந்தே இருந்தது.

ஆகவே இப்படி: இரண்டு கண்களையும் மூடுகிறார். 'ஆண்டவரே, இரக்கமாயிரும்' என்று உள்ளுக்குள் சொல்கிறார். நின்ற இடத்திலேயே, உதடு அசையாமல், அட்வாருக்கு மட்டும் கேட்கும்படி அந்த வளைவை முனகுகிறார். அட்வார் பிடித்துக்கொள்கிறார். எங்கோ ஒரு விசும்பல். யார் என்று வஹீப் பார்க்கவில்லை.

4

வீடு. சிலுவையில் இயேசுவுக்குக் கொடுத்த காடியின் நினைவாக, வழக்கப்படி ஒரு வாய் வினிகர், பிறகு முளைகட்டிய அவரைக்கொட்டை.

"இன்னைக்கு அட்வார் எல்லாரையும் அழ வெச்சுட்டான்," என்றாள் இன்ஸாஃப். "அவன் தடுமாறினப்ப நீங்க கல்லு மாதிரி நின்னீங்களாம். பொறாமையாம். எங்க பக்கம் பூரா அதே பேச்சு. ஒரு அடி எடுத்துக் கொடுத்தா குறைஞ்சா போயிடுவீங்க?"

வஹீப் வாய் திறந்தார்.

"இன்ஸாஃப், நான்

[இந்தப் பேச்சை நான் முடிக்கவில்லை. சொல்லிவிட்டாரா, வினிகரோடு விழுங்கினாரா, நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.]

அடுத்த ஆண்டும் அடக்கப் பாட்டை அட்வார்தான் பாடினார். வஹீப் பக்கத்தில் நின்றார்.