நாலு மணிக்கு வா

திரிசலாவுக்கு வேண்டியது நாலே வரி. "சாப்பாட்டு டப்பா என் பையில் இருந்தது. பொழுது சாயும் வரை வேண்டுமென்றே கொடுக்காமல் வைத்திருந்தேன்" என்று சிவசங்கரி தன் பெயர் போட்டு எழுத வேண்டும். அதைப் பேராசிரியருக்கு வெள்ளிக்கிழமைக்குள் அனுப்ப வேண்டும். அனுப்பினால் ஜூலை மாதம் பனிமலையில் நடக்கும் ஆய்வு முகாமுக்குத் திரிசலா போகலாம். இல்லையென்றால் அடித்த பெயர் அடித்ததுதான்.

நடந்ததைச் சொல்கிறேன், கேளுங்கள் கண்ணுகளா.

திரிசலா ஆரணிப் பெண். களம்பூரில் அவள் அப்பாவுக்கு அரிசி மில். சமண நயினார் வீட்டுப் பெண் என்பதால் பொழுது சாய்ந்தபின் சாப்பிட மாட்டாள், மறுநாள் வெளிச்சம் வரும் வரை வாயில் எதுவும் போட மாட்டாள். கற்களைப் பற்றிப் படிக்க ஸ்காட்லாந்து போனாள். அங்கே அவளுக்குக் கிடைத்த ஒரே தமிழ்த் துணை சென்னைக்காரி சிவசங்கரி. ஒரு வருடம் முந்தி வந்தவள், எல்லாம் தெரிந்தவள்.

அங்கே மாணவர்கள் சனிக்கிழமையானால் மலையேறுவார்கள். திரிசலாவுக்கு அதில் பைத்தியம். சேற்றில் முட்டிவரை புதைந்தாலும் சிரிப்பாள். ஆட்டுப் பட்டி மதில்களைத் தாண்டிக் குதிப்பாள். அந்த ஊர்க் கிழவர்களிடம் நின்று, இந்தப் பாறைக்கு உங்கள் ஊரில் என்ன பேர் என்று கேட்பாள். ஐப்பசி வரை எந்தத் தொல்லையும் இல்லை.

டிசம்பரில் எட்டுப் பேராகப் பெரிய மலை ஒன்றுக்குப் போனார்கள். கிளம்பும்போது இன்னும் இருட்டு. ஆகவே திரிசலா சாப்பிடவில்லை. புளிசாதம் கிளறி டப்பாவில் வைத்திருந்தாள்.

"உன் பையில கல்லு ரொப்பப் போற. டப்பா நசுங்கிடும். குடு, நான் தூக்கறேன்" என்றாள் சிவசங்கரி.

பன்னிரண்டு மணிக்குத் திரிசலா டப்பாவைக் கேட்டாள்.

"இங்க காத்து அடிக்குதுடி. மேல போய் நாலு மணிக்கு எல்லாரும் சேர்ந்து சாப்பிடலாம்."

சரி என்றாள். ஆரணியில் நாலு மணி என்றால் ரோட்டில் செருப்பில்லாமல் கால் வைக்க முடியாது. மலையேறும் மும்முரத்தில் அந்த நாலு மணிதான் அவள் மனதில் இருந்தது. அங்கே டிசம்பர் மாதம் மூன்றே முக்காலுக்குள் சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கிவிடும். சிவசங்கரிக்கு அது தெரியும். மற்றவர்களிடம் பந்தயமும் கட்டியிருந்தாள்: பசியில் இவள் விரதத்தை விடுவாளா, மாட்டாளா?

நாலு மணிக்கு நெற்றி விளக்கைப் போட்டுக்கொண்டு டப்பாவைத் திறந்து நீட்டினாள். "இந்தா, சாப்புடு. யார் பாக்கப் போறாங்க?" ஒருவன் போனில் படம் பிடித்தான். எல்லாரும் சிரித்தார்கள்.

திரிசலா சாப்பிடவில்லை. முந்தின நாள் சாயங்காலம் சாப்பிட்டதுதான் வயிற்றில். இறங்கும்போது ஓடையில் கால் இடறி விழுந்தாள். எழ முடியவில்லை. மீட்புக்காரர்கள் வந்து தூக்கிப் போனார்கள். பேராசிரியர் அந்தப் படத்தைப் பார்த்தார். கொடுத்த உணவைப் பிடிவாதமாக மறுத்துக் குழுவை ஆபத்தில் விட்டவள் என்று எழுதி முகாம் பட்டியலில் பெயரை அடித்தார். கூட இருந்தவர் யாராவது வேறு மாதிரி எழுதிக் கொடுத்தால் பார்க்கலாம் என்றார். சிவசங்கரியைக் கேட்டபோது, "தமாஷுக்குப் பண்ணதுடி, விடேன்" என்றாள். படிப்பை முடித்துச் சென்னைக்கும் போய்விட்டாள்.

மார்ச்சில் அவளே போன் பண்ணினாள். குரலில் மலையும் இல்லை, டப்பாவும் இல்லை.

"திரிசு, எனக்கு நிச்சயம். கோயம்புத்தூர்ல, ஏப்ரல் பத்தொன்பது. உங்க ஊர்ல தறியிலயே சொல்லிப் பட்டு எடுத்துக் குடேன். மாமியார் கலர் கூட அனுப்பிட்டாங்க."

மறந்தே போயிருந்தாள். அதுதான் திரிசலாவைச் சுட்டது.

"சொல்லிடறேன்" என்றாள்.

ஆரணி கொசப்பாளையத்தில் கன்னியம்மா நெய்வதைப் போல் அந்தத் தெருவில் யாரும் நெய்வதில்லை. ஈஸ்டர் விடுமுறைக்கு ஊர் வந்த திரிசலா, அவளிடம் போய்ச் சேலைக்குச் சொன்னாள். கன்னியம்மா விரலை மடக்கி எண்ணிப் பார்த்தாள். "பதினேழு அமாவாசை பாப்பா, தறி தொட மாட்டோம். பதினெட்டு சாயந்திரம் முடிச்சு, தறியிலேர்ந்து அறுத்துக் குடுத்துடறேன்."

திரிசலா வீட்டுக்கு வந்து சிவசங்கரிக்குப் போன் போட்டாள். "பதினேழு, வெள்ளிக்கிழமை. நாலு மணிக்கு வா."

வந்தாள். கார் தெருமுனையில் நின்றது. தெருவே சத்தமில்லாமல் கிடந்தது. கன்னியம்மா அம்மன் கோயிலுக்குப் போயிருந்தாள். தறியில் மாம்பழ மஞ்சளில் சேலை. முந்தானையில் ஒரு முழம் பாக்கி. பக்கத்தில் திரிசலா மட்டும் உட்கார்ந்திருந்தாள்.

"என்னடி இது, முடியலையா? ராத்திரி எனக்கு ட்ரெயின். அவங்க வீட்ல எல்லாருக்கும் போட்டோ அனுப்பி வெச்சிருக்கேன்."

"கொஞ்சந்தான் பாக்கி."

"நெய்யச் சொல்லு. நீ சொன்னா கேப்பாங்க."

"முதல்ல அந்த மெயில எழுது" என்றாள் திரிசலா.

சிவசங்கரிக்கு எந்த மெயில் என்று உடனே புரிந்தது. முகம் சுருங்கியது. ஆரணிப் பேச்சை நக்கலாக இழுத்தாள். "அதுக்கா இதெல்லாம்? இன்னுமா அதப் புடிச்சிகினு கீற?"

"எங்க ஊர் பேச்சு நல்லாவே வருது உனக்கு. எழுது. மத்தது அப்புறம் பேசலாம்."

சிவசங்கரி சேலையைப் பார்த்தாள், கடிகாரத்தைப் பார்த்தாள். போனை எடுத்துத் தட்டினாள். திரிசலா வாங்கிப் படித்தாள். "'மறந்துட்டேன்'னு போட்டிருக்க. 'வேணும்னே'னு மாத்து. பந்தயத்தையும் எழுது." மாற்றினாள். எழுதினாள். அனுப்பினாள். போய்ச் சேர்ந்ததைத் திரிசலா தன் கண்ணால் பார்த்துக்கொண்டாள்.

"போதுமா? இப்ப கூப்புடு அவங்கள."

கூப்பிட வேண்டியிருக்கவில்லை. நெற்றி நிறைய குங்குமத்தோடு கன்னியம்மாவே உள்ளே வந்தாள். "வாங்கம்மா. இன்னா, இன்னிக்கே வந்துட்டீங்க? நாளைக்குத்தானே அறுக்கறது?"

"இன்னைக்கே வேணுங்க. எவ்ளோ கேட்டாலும் தரேன்."

"துட்டுக்கு இல்லம்மா. அமாவாசைக்கு இந்தத் தெருவுல ஒருத்தரும் தறி தொட மாட்டோம். பாப்பாகிட்ட அன்னிக்கே சொன்னனே."

சிவசங்கரி திரும்பினாள். "தெரிஞ்சேவா வரச் சொன்ன?"

"நாலு மணிக்குன்னேன். நாலு மணிக்கு இங்க நல்ல வெளிச்சம் பாரு."

"தறி ஓடும்னு நெனச்சுதானே எழுதினேன்."

"ஓடும்னு நான் சொல்லவே இல்லையே. தமாஷ்டி. விடேன்."

சிவசங்கரி அழுதாள். திரிசலா பார்த்துக்கொண்டே இருந்தாள், பார்வையைத் தாழ்த்தவில்லை. அவள் மனம் இளகியது என்று உங்களுக்காகச் சொல்ல எனக்கும் ஆசைதான். இளகவில்லை.

கார் போனபின் கன்னியம்மா தறியின் மேல் துணியைப் போர்த்தினாள். "உங்க சண்டைக்கு என் தறிதான் கெடச்சுதா பாப்பா? இனிமே இது யாருக்கு?"

"கல்யாணத்துக்கு வந்து எடுத்துகினு போவா. இல்லைன்னா நான் எடுத்துக்கறேன். உங்ககிட்ட மட்டும் தப்புப் பண்ணிட்டேன்கா. மன்னிச்சுடுங்க."

கன்னியம்மா துணியின் ஓரத்தைச் செருகினாள். பிறகு, "சாப்டியா?" என்று மட்டும் கேட்டாள்.

திரிசலா பையிலிருந்து டப்பாவை எடுத்தாள். புளிசாதம். சுவரில் வெயில் இன்னும் இரண்டு முழம் இருந்தது. அவசரப்படாமல், கடைசிப் பருக்கை வரை சாப்பிட்டாள்.