இனி என் கையில்

“‘நான் பிடியைத் தொடவே இல்லை’ன்னு அறிக்கையில எழுதி வச்சிருக்கியே, நீ—”

“கத்தாதடி, பக்கத்து ரூம்ல தலைமைப் பயிற்சியாளர்—”

“கேட்கட்டும். தொட்டியா இல்லையா?”

அக்கா எழுந்து கதவைச் சாத்தினாள். ஜன்னலுக்கு வெளியே, ஓடுபாதை ஓரத்துப் புல்லில், இருவர் மட்டும் உட்காரும் பயிற்சி விமானம் முன்சக்கரம் மடங்கி மூக்குக் குப்புறக் கிடந்தது. காலையில் இறங்கும்போது பக்கக் காற்று தள்ளியது. தங்கை சமாளித்துக்கொண்டுதான் இருந்தாள். பக்கத்து இருக்கையில் சொல்லிக்கொடுக்க உட்கார்ந்திருந்த அக்கா தன் முன்னால் இருந்த இரண்டாவது ஓட்டும் பிடியை இறுகப் பற்றினாள். அதை உணர்ந்ததும் தங்கை கையை எடுத்துவிட்டாள். அக்கா அழுத்திய அழுத்தில் மூக்கு தரையில் மோதியது.

“‘இனி என் கையில்’னு நான் வாயைத் திறந்து சொன்னேனா?”

சொல்லவில்லை. பயிற்சியாளர் அதைச் சொல்லி, மாணவர் ‘இனி உங்கள் கையில்’ என்று பதில் சொன்ன பிறகே பிடி கைமாற வேண்டும். மற்றவர்களிடம் அக்கா அதில் படு கறார். தங்கையிடம் மட்டும் முதல் வாரமே, “நமக்குள்ள என்னடி மந்திரம் ஓதிக்கிட்டு” என்று சிரித்து விட்டுவிட்டாள்.

“சொல்லலைன்னா உன் கையில இருந்ததாத்தான் அர்த்தம். சட்டப்படிதான் எழுதியிருக்கேன்.”

“சட்டம் இன்னைக்குத்தான் ஞாபகம் வந்துச்சாக்கும்.”

“படிக்கிறவ தப்பு பண்ணா மன்னிப்பாங்க. நான் பண்ணா வேலை போயிடும்.”

“எனக்கு ஏற்கெனவே ரெண்டு எச்சரிக்கை. மூணாவது வந்தா பேரை அடிச்சிருவாங்க. உனக்குத் தெரியாதா?”

அக்கா மேசையைப் பார்த்தாள். தெரிந்தேதான் எழுதியிருக்கிறாள். காலையில் தரை மேலே ஏறி வந்தபோதுகூடத் தங்கை இவ்வளவு பயப்படவில்லை. கூடப் பிறந்தவளே காலை வாரிவிட்ட பிறகு எதைப் பிடித்துக்கொண்டு நிற்பது?

கதவு திறந்தது. தலைமைப் பயிற்சியாளர் அறிக்கையும் பேனாவுமாக நின்றார்.

“வாசல் வரைக்கும் கேக்குது உங்க கச்சேரி. ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. கடைசியில ஓட்டுனது யாரு?”

“இவதான் சார்.” அக்கா இமைகூடக் கொட்டவில்லை.

அவர் அறிக்கையை மேசையில் வைத்து, தங்கை கையெழுத்துப் போடப் பேனாவை நீட்டினார். தங்கை வாங்கிக்கொண்டாள். தாளைத் தன் பக்கம் இழுத்தாள். பிறகு நிமிர்ந்து அக்காவைப் பார்த்தாள்.

“கையெழுத்துப் போடுறேன்க்கா. நான் எதுக்குக் கையை எடுத்தேன்னு மட்டும் சாருக்கு நீயே சொல்லிடு.”