பன்னிரண்டு கடிதமும் ஒரே பகலில்

"ஆளுக்குப் பன்னிரண்டு தாள், பன்னிரண்டு உறை. சாயங்காலம் கப்பல் கிளம்புறதுக்குள்ள எழுதி முடிச்சிடணும்" என்று சொல்லிக் காகிதக் கட்டுகளை மேசைமேல் வைத்தார் சுகெங்.

தைவானில் கௌசியுங் துறைமுகத்தில், வலைக்கிடங்குக்கு மேலே இருந்த அறை அது. நீள மேசையைச் சுற்றி ஆறு ஜாவாப் பையன்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஜன்னலுக்கு வெளியே அவர்கள் ஏறப்போகும் சூரை மீன் கப்பல் தெரிந்தது. பக்கமெல்லாம் துரு வழிந்து நின்றது.

"எனக்கு இருக்கிறது ஒரே அம்மாதான் அண்ணே. பன்னிரண்டு கடுதாசிக்கு நான் எங்க போவேன்?" என்றான் பாசுகி. மற்றவர்கள் சிரித்தார்கள்.

"மாசத்துக்கு ஒண்ணுடா, வாயாடி. நடுக்கடலுக்குத் தபால்காரனா வருவான்? இப்பவே மொத்தமா எழுதிக் குடுத்துட்டா, மாசாமாசம் பன்னிரண்டாம் தேதி நாங்க ஒண்ணொண்ணா தபால்ல சேர்த்துடுவோம். அம்மாமாருங்க நிம்மதியாத் தூங்குவாங்க. இல்லேன்னா ஏஜென்ட் வீட்டு வாசல்ல போய் உக்காந்து ஒப்பாரி வைக்கிறாங்க."

"மழையா வெயிலான்னு எப்படி எழுதறது?"

"நல்லா இருக்கேன், சாப்பாடு வயிறு நிறைய, கேப்டன் தங்கமான மனுஷன். இதை எழுத வானிலை எதுக்கு? அஞ்சாவது கடுதாசியில கொஞ்சம் இருமல்னு எழுது, ஆறாவதுல சரியாப் போச்சுன்னு எழுது. நிஜம் மாதிரி இருக்கும்."

சுகெங் கெட்ட மனிதர் இல்லை. இதை இப்போதே சொல்லிவிடுகிறேன், போகப் போக எனக்கே சொல்ல மனம் வராது. அவரும் ஜாவாக்காரர்தான். பதினொரு வருஷம் கப்பலில் உழைத்து, தூண்டில் கயிறு இழுக்கும் இயந்திரத்துக்கு இடதுகை விரல் இரண்டைக் கொடுத்துவிட்டு, அதற்குப் பிறகுதான் இந்தக் கப்பல் கம்பெனி ஆபீஸ் வேலைக்கு வந்தவர். பையன்களுக்குத் தம் கைக்காசில் கிராம்பு சிகரெட் வாங்கித் தருவார்.

மேசை ஓரத்தில் உட்கார்ந்திருந்தவன் வகியோ. பத்தொன்பது வயது. வோனோகிரி மலைப்பக்கத்துக் கிராமம். போன வாரம்வரை மீன்பிடிக் கப்பலைக் கண்ணால் பார்த்ததில்லை, நீச்சலும் தெரியாது. தாளின் மேல்முனையில் தேதி தட்டச்சாகியிருந்தது: செப்டம்பர் 12, வெள்ளி. அதன் பக்கத்தில் சந்தை நாளை எழுத வேண்டும் என்று நினைத்ததுமே அவனுக்கு வியர்த்தது.

அவன் ஊரில் ஏழு நாள் வாரத்தோடு ஐந்து நாள் வாரமும் ஓடும். லெகி, பாஹிங், பொன், வகே, கிலிவோன். ஐந்து நாளுக்கு ஒரு முறை அந்தந்த ஊரில் சந்தை. அவன் அம்மா சாத்தியெம் வகே சந்தையில் சோயாவைப் புளிக்கவைத்து வாழையிலையில் கட்டிய தெம்பே விற்பவள். ஞாயிறு, திங்கள் எல்லாம் சர்க்கார் ஆட்களுக்கு என்பது அவள் எண்ணம். பிள்ளை பிறந்ததும் வகே நாளில்தான். அதனால்தான் அவனுக்கு அந்தப் பெயர். ஆனால் நாளைப் பெயரில் வைத்திருந்த பையனுக்கு அந்த நாள் கணக்கு மட்டும் சுட்டுப் போட்டாலும் வரவில்லை.

முன்பு ஜகார்த்தாவில் கட்டட வேலை பார்த்த இரண்டு வருஷமும் மாதம் ஒரு கடிதம் போட்டான். சந்தை நாள் இல்லாத கடிதத்தை அம்மா மதிக்க மாட்டாள் என்பதால் எதையாவது குத்துமதிப்பாக எழுதி வைப்பான். எல்லாம் தப்பு. அவளுடைய பதிலில் முதல் வரியே திட்டாக இருக்கும். "அன்னைக்கு பாஹிங் இல்ல, பொன். உன்னைப் பெத்த நேரத்துக்கு ரெண்டு கட்டு தெம்பே அதிகம் வித்திருக்கலாம்." கௌசியுங்குக்குக் கிளம்புகிற அன்று பஸ் நிறுத்தத்தில் கடைசியாகச் சொன்னதும் அதையேதான். "ஒரே ஒரு தடவை நாளைச் சரியா எழுதுடா. அன்னைக்கே கோழி அறுத்து, தெருவையே கூப்பிட்டுச் சோறு போடுறேன்." சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அழுதாளா என்று அவன் பார்ப்பதற்குள் பஸ் நகர்ந்துவிட்டது.

சந்தை நாளுக்கு இடம் விட்டுவிட்டே எழுதிக்கொண்டு போனான்; மூன்றாவது கடிதத்தில் பேனா தீர்ந்துபோனது.

"அலமாரியில மேல் தட்டுல இருக்கு, எடுத்துக்க" என்று சொல்லிவிட்டுச் சுகெங் சோற்றுப் பொட்டலம் வாங்கக் கீழே இறங்கினார்.

வகியோ இரும்பு அலமாரியைத் திறந்தான். மேல் தட்டில் பேனாக்கள் இருந்தன. கீழ்த் தட்டில் ஒரு நீலப் பை இருந்தது. அதைப் பார்த்ததும் அவனுக்கு ஒரு கணம் சந்தோஷம்தான் வந்தது. பையின் வாரில் சிவப்பு நூலால் "குனாதி" என்று தைத்திருந்தது. பக்கத்து வீட்டுக் குனாதி! போன அக்டோபரில் இதே பையைத் தோளில் சுமந்து போய் அவனைப் பஸ் ஏற்றிவிட்டவன் வகியோதான். அந்தச் சிவப்பு நூலைத் தைத்தது குனாதியின் அம்மா துமினி சித்தி. கப்பல் திரும்பி வந்துவிட்டது போலிருக்கிறது, ஆள் இங்கேதான் எங்கோ இருக்கிறான் என்று நினைத்து வகியோ குனிந்தான்.

பையில் ஒரு அட்டை கட்டியிருந்தது. சுகெங்கின் கையெழுத்து. "குனாதி. மார்ச் 9. இறப்பு. கடலில் அடக்கம். பை மட்டும் வந்தது."

பைமேல் ரப்பர் பட்டை போட்ட இரண்டு உறைகள் இருந்தன. இரண்டிலும் துமினி சித்தியின் விலாசம், குனாதியின் கோணல் எழுத்தில். மூலையில் பென்சிலால் சின்னதாக ஒன்றில் செப்டம்பர், இன்னொன்றில் அக்டோபர் என்று குறித்திருந்தது.

இது ஆகஸ்ட். வகியோவுக்கு முதலில் விளங்கவே இல்லை. விளங்கியபோது அலமாரிக் கதவைப் பிடித்துக்கொண்டான். துமினி சித்திக்கு எழுத்து தெரியாது. ஏப்ரல் கடிதத்தையும் மே கடிதத்தையும் ஜூன் கடிதத்தையும் ஜூலை கடிதத்தையும் அவளுக்கு வாசித்துக் காட்டியவன் அவன்தான்.

ஒவ்வொன்றிலும் குனாதி பசுவைக் கேட்டிருந்தான். பசு நல்லா இருக்கா, கன்னு போட்டுச்சா என்று. பசு பிப்ரவரியிலேயே வயிறு ஊதிச் செத்துப்போயிருந்தது. அதைச் சித்தி சொல்லச் சொல்ல வகியோதான் கடிதமாக எழுதி அனுப்பினான், ஒரு முறை இல்லை, மூன்று முறை. ஆனாலும் அடுத்த கடிதத்தில் பசு நல்லா இருக்கா என்றே வந்தது. சித்தி திண்டாடிப்போனாள். வகியோ சிரித்தான். "கப்பல்ல இருந்து இருந்து அவன் மூளையில உப்புப் பிடிச்சுப்போச்சு சித்தி. இல்லேன்னா நம்ம தபால் லேட்டாப் போவுது." சித்தியும் சிரித்துவிட்டு, கடிதத்தை முகத்தில் ஒற்றிக்கொண்டு உள்ளே போனாள்.

அந்தச் சிரிப்பை நினைத்து வகியோவுக்குத் தன்மேலேயே அருவருப்பு வந்தது. பேனாவை எடுத்துக்கொண்டு, கதவைச் சத்தமில்லாமல் மூடிவிட்டு, நாற்காலிக்கு வந்து உட்கார்ந்தான்.

"என்னடா, பேயைப் பார்த்தவனாட்டம் இருக்க? கப்பல் ஏறும் முன்னாடியே வாந்தியா?" என்று கேட்டான் பாசுகி. அவன் ஒரே கடிதத்தைப் பார்த்துப் பார்த்துப் பன்னிரண்டாக எழுதிக்கொண்டிருந்தான். எட்டாவதில் இருந்தான்.

வகியோ தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். ஓடலாம். எங்கே? பாஸ்போர்ட் இந்த ஆபீஸ் பெட்டியில் இருந்தது. வீட்டுப் பத்திரம் ஊரில் ஏஜென்டிடம் இருந்தது. இவன் ஓடினால் அம்மா தெருவில் நிற்பாள். போன் செய்யலாம். ஊரில் போன் இருப்பது கிராமத் தலைவர் வீட்டில் மட்டும். அந்த எண் இவன் கையில் இல்லை. கடிதத்தில் எழுதலாம் என்றால், ஒவ்வொரு கடிதத்தையும் சுகெங் வாசித்த பிறகுதான் உறை ஒட்டப்படும்.

சாவதைக்கூட அவன் அவ்வளவாக நினைக்கவில்லை. தான் செத்த பிறகும் நல்லா இருக்கேன் என்று அம்மாவுக்கு எழுதிக்கொண்டே இருப்போம் என்பதுதான் அவனுக்குத் தாங்கவில்லை. எப்படியாவது அம்மாவுக்கு இது தெரிய வேண்டும். இந்தத் தாள்கள் எல்லாம் ஒரே பகலில், ஒரே மேசையில் எழுதியவை என்று மட்டும் தெரிந்தால் போதும். மற்றதை அவளே யோசித்துக்கொள்வாள். சந்தையில் அவளை ஏமாற்றினவன் இதுவரை பிறக்கவில்லை.

தேதிகள் தட்டச்சானவை; அவற்றைத் தொட முடியாது. பக்கத்தில் இருந்த வெற்றிடம் மட்டும் அவனுடையது. செப்டம்பர் 12, வெள்ளி, வகே என்று எழுதினான். அக்டோபர் 12, ஞாயிறு, வகே. நவம்பர் 12, புதன், வகே. பன்னிரண்டு தாளிலும் வகே. முதல் கடிதத்தைப் பார்த்து அம்மா வழக்கம்போல் திட்டுவாள். இரண்டாவதைப் பார்த்து, திட்டிப் பதில் எழுதின பிறகும் திருந்தவில்லையே என்று இன்னும் அதிகமாகத் திட்டுவாள். மூன்றாவதும் வகே என்றால் திட்டை நிறுத்திவிட்டு உட்கார்ந்து யோசிப்பாள். மூன்றையும் எடுத்துக்கொண்டு துமினி சித்தி வீட்டுக்குப் போவாள்.

இந்த நினைப்பில் அவனுக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. சோற்றைக்கூடச் சாப்பிட்டான்.

நாலு மணிக்குச் சுகெங் கடிதங்களை வாங்கி வாசிக்க ஆரம்பித்தார். பாசுகியின் பன்னிரண்டையும் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். "டேய், இதுக்கு ஜெராக்ஸ் எடுத்திருக்கலாமேடா." எல்லாரும் சிரித்தார்கள். ஒவ்வொருவனாக மூட்டையை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினான். கடைசியில் வகியோவின் கட்டு மட்டும் மிஞ்சியது.

முதல் தாளைப் பார்த்தார். இரண்டாவதைப் பார்த்தார். பிறகு வாசிப்பதை விட்டுவிட்டு, பன்னிரண்டின் மேல்முனையை மட்டும் விசிறிபோல் விரித்துப் பார்த்தார்.

"உங்கம்மா என்ன பண்றாங்க?"

"சந்தையில தெம்பே விக்கிறாங்க அண்ணே."

"எந்தச் சந்தை?"

"வகே சந்தை."

"எனக்கும் அந்தப் பக்கம்தான்டா. என் அம்மா பாஹிங் சந்தையில வெற்றிலை வித்தா." குறையற்ற வலதுகை விரல்களை மடக்கி மடக்கி எண்ணினார். "செப்டம்பர் பன்னிரண்டு, லெகி. வகே எங்கேருந்து வந்துச்சு?"

"எனக்கு நாள் கணக்கு வராது அண்ணே. சத்தியமா வராது. ஊர்ல கேட்டுப் பாருங்க."

"வராதவன் பன்னிரண்டு தடவையும் பன்னிரண்டு விதமால்ல தப்புப் பண்ணுவான்?"

சுகெங் எழுந்துபோய் அலமாரிக் கதவைத் தொட்டுப் பார்த்தார். அது சரியாக மூடியிருக்கவில்லை. அழுத்தி மூடி, பூட்டி, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். திரும்பி வந்து புதுத் தாள்களை வைத்தார்.

"திரும்ப எழுது. சந்தை நாள் என்னன்னு நான் சொல்றேன்."

"அண்ணே, துமினி சித்திக்காவது..."

"எழுதுடா!" கத்திவிட்டார். பிறகு குரலைத் தணித்துக்கொண்டார். "நான் வாயைத் திறந்தா இந்த நாற்காலியில வேற ஒருத்தன் உக்காருவான். அவன் சிகரெட்கூட வாங்கித் தரமாட்டான். எழுது. செப்டம்பர் பன்னிரண்டு, வெள்ளி, லெகி."

வகியோ எழுதினான்.

"அக்டோபர் பன்னிரண்டு, ஞாயிறு. அதுவும் லெகி. நவம்பர், புதன், பாஹிங்." விரலை மடக்கிக்கொண்டே போனார். நடுவில், அதே குரலில், ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார்: "இருட்டினப்புறம் கப்பல் ஓரத்துல தனியா நிக்காத. ரெண்டாவது அதிகாரி குடிச்சிருந்தா எதிர்ல போகாத. அடிச்சா வாங்கிக்க, கையை மட்டும் ஓங்கிடாத. குனாதிகிட்டயும் இதைத்தான் சொல்லி அனுப்பினேன். டிசம்பர் பன்னிரண்டு, வெள்ளி, பாஹிங்."

பன்னிரண்டும் முடிந்தன. ஒரு பிழை கிடையாது. உறைகளை ஒட்டி, மூலையில் பென்சிலால் மாதங்களைக் குறித்து, ரப்பர் பட்டை போட்டார் சுகெங். சட்டைப் பையிலிருந்து ஒரு பெட்டி சிகரெட்டை எடுத்து வகியோவின் கையில் திணித்தார்.

கப்பல் கிளம்பும்போது வெளிச்சம் இன்னும் இருந்தது. மேலே ஆபீஸ் ஜன்னலில் மின்விசிறி சுற்றுவது தெரிந்தது. வகியோ கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவனுக்கு ஒரு சின்ன நம்பிக்கை மிச்சமிருந்தது. ஜென்மத்தில் நாளைச் சரியாக எழுதாதவன் திடீரென்று எழுதினால் அம்மாவுக்குச் சந்தேகம் வராதா? இது என் பிள்ளை எழுதினது இல்லை என்று தோன்றாதா?

அப்போதுதான் கோழி ஞாபகம் வந்தது.

சந்தேகமா? அவளுக்கா? கடிதத்தைப் பிரித்ததும் மேல் வரியைத்தான் பார்ப்பாள். விரல் விட்டு எண்ணுவாள். நம்பாமல் இன்னொரு தடவை எண்ணுவாள். பிறகு வேலிக்கு ஓடிப்போய்த் தெருவே கேட்கக் கத்துவாள்: "துமினி! ஏய் துமினி! என் பையன் நாளைச் சரியா எழுதிட்டான்டி! கப்பல்ல யாரோ புண்ணியவான் அவனுக்குப் புத்தி சொல்லிக் குடுத்திருக்கான்!" அன்றைக்கே கோழி அறுப்பாள். எந்தக் கோழி என்றுகூட அவனுக்குத் தெரியும், வால் இல்லாத அந்தச் சிவப்புப் பெட்டை.

துமினி சித்தி இறகு பறிக்க உதவிக்கு வருவாள். வரும்போது அதே நாள் தபாலில் தனக்கு வந்த கடிதத்தையும் இடுப்பில் செருகிக்கொண்டு வருவாள். வாசித்துக் காட்ட வகியோ இல்லை. அம்மாதான் ஈரக்கையைத் துடைத்துவிட்டு எழுத்துக் கூட்டி வாசிப்பாள். நல்லா இருக்கேன். சாப்பாடு வயிறு நிறைய. பசு நல்லா இருக்கா, கன்னு போட்டுச்சா. இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரிப்பார்கள். அப்புறம் சோறு வெந்துவிட்டதா என்று பார்க்க எழுந்து போவார்கள்.